காற்றில் கலந்த உலோகங்களுக்கும் ஒரு கணக்கு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புகைமூட்டம் சூழும் ஒவ்வொரு பருவத்திலும் தங்கள் நாளிதழ் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீட்டை வட்டாரவாரியாக வெளியிட்டு, எங்கே பள்ளிகள் மூடப்படுகின்றன, எங்கே வெளிப்புற நடவடிக்கைகளைத் தவிர்க்க வேண்டும் என்பதை வாசகர்களுக்கு உடனுக்குடன் தெரிவித்து வருகிறது. அந்தச் சேவையை மதிக்கும் நெடுநாள் வாசகி என்ற முறையில், அந்தக் குறியீடு சொல்லாமல் விடுகிற ஒன்றைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன். காரீயம், காட்மியம், ஆர்செனிக், நிக்கல் போன்ற கன உலோகங்கள் நம் மலேசிய நகரங்களின் காற்றில் ஆண்டுக்கு ஆண்டு கூடுகின்றனவா, குறைகின்றனவா என்பதை நாம் அன்றாடம் பார்க்கும் எந்த எண்ணும் காட்டுவதில்லை. அந்த உலோகங்களுக்குச் சட்டத்தில் ஒரு வரம்பும், பொதுமக்கள் பார்வைக்கு ஓர் ஆண்டுக் கணக்கும் வேண்டும் என்பதே என் கோரிக்கை.

பினாங்கு மாநிலத்தின் பட்டர்வொர்த் வட்டாரத்தில் இடைநிலைப்பள்ளியொன்றில் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். பிறை தொழிற்பேட்டைக்கும் துறைமுகத்துக்கும் வடக்கு தெற்கு நெடுஞ்சாலைக்கும் இடைப்பட்ட இந்த வட்டாரத்தில் தமிழர்கள் மூன்று நான்கு தலைமுறைகளாக வாழ்கிறார்கள். இரயில்வேயிலும் துறைமுகத்திலும் வேலை பார்த்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அதே சாலைகளின் ஓரத்திலுள்ள தமிழ்ப்பள்ளிகளில் படிக்கிறார்கள். எனவே நான் எழுதுவது எங்கோ தொலைவிலுள்ள ஓர் அறிவியல் விவாதத்தைப் பற்றியன்று.

முதலில் குறியீட்டை எடுத்துக்கொள்வோம். நம் நாட்டின் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு ஆறு பொருள்களை அடிப்படையாகக் கொண்டது: 10 மைக்ரான், 2.5 மைக்ரான் என்ற இரு அளவுகளிலான நுண்துகள்கள், கந்தக டைஆக்சைடு, நைட்ரஜன் டைஆக்சைடு, ஓசோன், கார்பன் மோனாக்சைடு. 2.5 மைக்ரான் துகள்கள் 2018ஆம் ஆண்டில்தான் குறியீட்டுக் கணக்கில் சேர்க்கப்பட்டன. அது பெரிய முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. ஆனால் துகள்களின் மொத்த எடையை அளக்கும் கருவி, அந்தத் துகள்களுக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லாது. கடல் உப்பாக இருந்தாலும், மரப்புகையின் கரியாக இருந்தாலும், பழைய மின்கலத்தை உருக்கியபோது வந்த காரீயமாக இருந்தாலும் அதற்கு எல்லாம் ஒரே எடைதான்.

இதில் ஒளிந்திருக்கும் கணக்கை வாசகர்கள் ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். 2.5 மைக்ரான் துகள்களுக்கு நம் நாட்டுத் தரம் வகுத்துள்ள ஆண்டுச் சராசரி ஒரு கன மீட்டர் காற்றுக்கு 15 மைக்ரோகிராம், அதாவது 15,000 நானோகிராம். காட்மியத்துக்கு ஐரோப்பிய ஒன்றியம் வகுத்துள்ள ஆண்டு அளவு 5 நானோகிராம். மூவாயிரத்தில் ஒரு பங்கு. பத்துக் கிலோ அரிசி மூட்டையில் மூன்று கிராம் நஞ்சைக் கலந்தால் கடைக்காரரின் தராசு அதைக் காட்டிக்கொடுக்காது அல்லவா? அதுபோல, ஒரு வட்டாரத்தின் காற்றில் காட்மியம் இரண்டு மடங்கானாலும் மூன்று மடங்கானாலும் குறியீடு அசையாது. கைபேசியில் பச்சை நிறமே தெரியும். குறியீடு பொய் சொல்கிறது என்று நான் கூறவில்லை. அது கேட்கப்பட்ட கேள்விக்குச் சரியாகவே பதில் சொல்கிறது. உலோகங்களைப் பற்றி அதனிடம் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

உலோகங்களைத் தனியாகக் கேட்டு, நீண்ட காலம் அளந்த நாடுகளுக்கு என்ன பலன் கிடைத்தது என்பதற்கு காரீயத்தைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. என்ஜினில் ஏற்படும் தட்டலைக் குறைக்க டெட்ராஎத்தில் காரீயத்தைப் பெட்ரோலில் கலக்கலாம் என்று 1921இல் அமெரிக்காவில் கண்டுபிடித்தார்கள். 1923இல் அது விற்பனைக்கு வந்தது. அதன்பின் ஏறக்குறைய அரை நூற்றாண்டு காலம் உலகெங்கும் ஓடிய ஒவ்வொரு காரும் தன் புகைக்குழாய் வழியே காரீயத் துகள்களைத் தெருவில் உமிழ்ந்தது. பூமியின் வயதைக் கணித்துப் புகழ்பெற்ற கிளேர் பேட்டர்சன், தம் ஆய்வகத்தில் எதைத் தொட்டாலும் காரீயம் ஒட்டியிருப்பதைக் கண்டு அதன் மூலத்தைத் தேடத் தொடங்கினார். கடல்நீரிலும், கிரீன்லாந்தில் அடுக்கடுக்காக உறைந்த பனியிலும் அவரும் அவருடைய சகாக்களும் அளந்து பார்த்தபோது, தொழில்மயமான காலத்தில் காரீயம் எப்படி ஏறிவந்திருக்கிறது என்பது வரைபடமாகவே தெரிந்தது. காரீயத் தூய்மைக்கேட்டைப் பற்றி 1965இல் அவர் முதலில் எழுதி வெளியிட்டபோதே எதிர்ப்பு கடுமையாக இருந்தது. ஆனால் அளவீடு அளவீடுதான். எதிர்த்தவர்களால் அதை நெடுங்காலம் மறைக்க முடியவில்லை.

நம் நாடும் இந்த விஷயத்தில் பின்தங்கி நிற்கவில்லை என்பதை நன்றியோடு பதிவு செய்ய வேண்டும். பெட்ரோலில் உள்ள காரீய அளவைக் கட்டுப்படுத்தும் விதிமுறைகள் 1985இல் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ் வந்தன. 1990ஆம் ஆண்டின் தொடக்கத்தில் லிட்டருக்கு 0.15 கிராம் என்ற உச்சவரம்பு நடப்புக்கு வந்தது. அதற்கு முன் இருந்ததில் அது பாதிக்கும் குறைவு. பின்னர் காரீயம் இல்லாத பெட்ரோல் வந்து, 1990களின் இறுதிக்குள் பழைய பெட்ரோல் படிப்படியாக ஒழிந்தது. நாற்பது வயதைக் கடந்த வாசகர்களுக்குப் பெட்ரோல் நிலையங்களில் இரு வகைப் பம்புகளும் அருகருகே நின்ற காலம் நினைவிருக்கும். உலகின் கடைசி நாடாக அல்ஜீரியா 2021 ஜூலையில் கார்களுக்கான காரீயப் பெட்ரோலை நிறுத்தியது. நூறு ஆண்டுகளை எட்டவிருந்த ஒரு பிழை அன்றுதான் முற்றுப்பெற்றது.

பலனும் கண்கூடாகக் கிடைத்தது. அமெரிக்காவில் 1970களின் பிற்பகுதியில் சிறு பிள்ளைகளின் இரத்தத்தில் டெசிலிட்டருக்குச் சராசரியாக 15 மைக்ரோகிராம் அளவில் இருந்த காரீயம், இன்று ஒரு மைக்ரோகிராமுக்கும் கீழே இறங்கிவிட்டது. மருத்துவத் துறையில் இதைப் போன்ற வெற்றிகள் மிகச் சில. நம் நாட்டிலும் 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு, கோலாலம்பூர் பிள்ளைகளின் இரத்தத்தில் காரீயம் கிழக்குக்கரைப் பிள்ளைகளின் இரத்தத்தில் இருந்ததைவிட ஏறக்குறைய இரு மடங்கு என்று காட்டியது. நகரம் என்பதே ஒரு காரணமாக இருந்த காலம் அது. காரீயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இதுவரை கண்டறியப்படவில்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. வாய்வழி உள்ளே போகும் காரீயத்தில் பெரியவர்களின் உடல் ஈர்த்துக்கொள்வதைப்போல் நான்கு ஐந்து மடங்கைச் சிறு பிள்ளைகளின் உடல் ஈர்த்துக்கொள்கிறது. மூளை வளரும் பருவத்தில் அது செய்யும் சேதம் பின்னாளில் திரும்பாது. ஒரு வகுப்பறையில் சில பிள்ளைகள் ஏன் கவனம் செலுத்தத் திணறுகிறார்கள் என்ற கேள்விக்கு விடை எப்போதும் வீட்டிலும் வளர்ப்பிலும்தான் இருக்கிறது என்று ஆசிரியர்களாகிய நாங்கள் எண்ணிவிடக்கூடாது.

பெட்ரோலிலிருந்து காரீயம் போய்விட்டது, ஆகவே கதை முடிந்தது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு லண்டன் நகரின் அனுபவத்தைச் சுட்டிக்காட்ட விரும்புகிறேன். அந்நகரின் காற்றில் 1980களின் தொடக்கத்தில் கன மீட்டருக்கு 500 முதல் 600 நானோகிராம் வரை இருந்த காரீயம், 2000ஆம் ஆண்டளவில் 20 நானோகிராமுக்குச் சரிந்தது. அதன்பிறகு அந்தச் சரிவின் வேகம் மிகவும் குறைந்துவிட்டது. ஏன் என்று ஆராய்ந்தவர்கள் 2021இல் வெளியிட்ட முடிவு வியப்பூட்டுவது: அங்கு இன்று காற்றில் மிதக்கும் காரீயத்தில் 40 விழுக்காடு வரை, இருபது ஆண்டுகளுக்கு முன்பே தடைசெய்யப்பட்ட பெட்ரோலிலிருந்து வந்த அதே காரீயம். காரீயத்துக்கு ஐசோடோப்பு விகிதம், அதாவது வெவ்வேறு எடை கொண்ட காரீய அணுக்கள் கலந்திருக்கும் விகிதம், என்று ஒன்று உண்டு. எந்தச் சுரங்கத்துத் தாதுவிலிருந்து வந்தது என்பதை அது ஓரளவு காட்டிக்கொடுக்கும். அதை வைத்துத்தான் கண்டுபிடித்தார்கள். புகைக்குழாயிலிருந்து விழுந்து மண்ணிலும் சாலையோரத் தூசியிலும் தங்கிய காரீயத்தை, ஓடும் வாகனங்களும் காற்றும் மீண்டும் மீண்டும் எழுப்பிவிடுகின்றன. உலோகம் மட்காது, சிதையாது, காலப்போக்கில் வேறொன்றாக மாறாது. மழை அதை அடித்துச் சென்றால் கால்வாய்க்குப் போகும். இல்லையென்றால் கிடந்த இடத்திலேயே கிடக்கும்.

பட்டர்வொர்த்தும், எதிரே பினாங்குத் தீவிலுள்ள ஜார்ஜ்டவுனும் இந்த வகையில் லண்டனைவிடச் சிக்கலான வரலாறு கொண்டவை. பெட்ரோல் மட்டுமா? 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே இங்கு வெள்ளீய உருக்காலைகள் இயங்கின. தீவில் டத்தோ கிராமாட்டிலும் பெருநிலத்தில் பட்டர்வொர்த்திலும் ஊருக்கு நடுவே அவற்றின் புகைபோக்கிகள் நின்றன. வெள்ளீயத் தாதுவோடு ஆர்செனிக் சேர்ந்து வருவது இயற்கை. வெள்ளீயச் சுரங்கங்களின் மீது எழுந்த கோலாலம்பூருக்கும் இது பொருந்தும். அங்கு இன்று பூங்காக்களின் நடுவே தெரியும் ஏரிகளில் சில, அந்நாளைய சுரங்கக் குட்டைகள். பிறகு பிறை தொழிற்பேட்டை வந்தது, பாயான் லெப்பாஸில் மின்னணுத் தொழிற்சாலைகள் வந்தன. 2006இல் ஐரோப்பா விதித்த கட்டுப்பாட்டுக்குப் பிறகே அந்தத் தொழிலின் பற்றவைப்பில் காரீயம் பெருமளவு குறைந்தது. ஜூரு ஆற்றங்கரை மீனவர்களின் வாழ்வாதாரத்துக்காகப் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் 1970களிலேயே குரல் கொடுத்தது. தொழிற்பேட்டைக் கழிவால் பாழான நீரைப் பற்றிய போராட்டம் அது. காற்றில் பறந்து தரையில் படிவதும் மழையோடு கலந்து கடைசியில் அதே கழிமுகச் சேற்றுக்குத்தான் போய்ச் சேருகிறது.

பள்ளியில் பணியாற்றிய காலத்தில் மாணவர்களோடு ஒரு சிறு சோதனை செய்வது என் வழக்கம். சமிக்ஞை விளக்கு உள்ள சந்திப்பில், சாலையோரத் திண்டின் ஓரமாக ஒதுங்கிக் கிடக்கும் கரிய தூசியைப் பழைய வண்ணத் தூரிகையால் கூட்டி ஒரு உறையில் எடுத்து வருவோம். ஆய்வகத்தில் அதை உலர்த்தி, வெள்ளைத் தாளில் மெல்லப் பரப்பி, தாளுக்கு அடியில் காந்தத்தை நகர்த்துவோம். மணல் அசையாமல் கிடக்க, அதனூடே கருப்பு மணிகள் மட்டும் முள்முள்ளாக எழுந்து காந்தத்தின் பின்னாலேயே ஊர்ந்து போகும். பள்ளித் திடலின் நடுவிலிருந்து எடுத்த மண்ணில் அவ்வளவு எழாது. எழுவது இரும்பு, பெரும்பகுதி வாகனங்களின் பிரேக்கிலிருந்தும் துருவிலிருந்தும் உதிர்ந்தது. காரீயமோ செம்போ காந்தத்துக்கு எழாது. ஆனால் பிரேக்கிலிருந்து இரும்பு உதிரும் இடத்தில் செம்பும் ஆண்டிமனியும் பேரியமும் கூடவே உதிர்கின்றன. அதனால்தான் அறிவியலாளர்கள் சாலைத் தூசியின் காந்தத்தன்மையை அளந்தே போக்குவரத்து உலோகங்களின் அளவை மதிப்பிடுகிறார்கள். பதினைந்து வயதுப் பிள்ளைகள் அந்தத் தாளை வைத்த கண் வாங்காமல் பார்த்துவிட்டு, "டீச்சர், இதைத்தான் நாங்க மூச்சுல இழுக்கிறோமா?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு எண்களோடு பதில் சொல்லும் நிலை ஒரு நகரத்தில் வேண்டும்.

மேலே சொன்ன பிரேக் தூசி ஒரு முக்கியமான மாற்றத்தின் அடையாளமும் ஆகும். கடந்த முப்பது ஆண்டுகளில் பல நாட்டு நகரங்களில் காரீயம் இறங்கியபோது, போக்குவரத்திலிருந்து வரும் உலோகங்களின் வகையே மாறியது. எரிபொருள் தூய்மையானது. நம் நாட்டிலும் ரோன் 95 பெட்ரோல் ஐரோப்பியத் தூய்மைத் தரவரிசையில் 2020இல் யூரோ 4 தரத்துக்கும், டீசல் 2021இல் யூரோ 5 தரத்துக்கும் உயர்ந்தன. புகைக்குழாயிலிருந்து வருவது குறையக் குறைய, புகைக்குழாயோடு தொடர்பில்லாத தேய்மானத் தூசியின் பங்கு ஏறுகிறது. பிரேக் கட்டைகளிலிருந்து செம்பு, ஆண்டிமனி. டயரிலிருந்து துத்தநாகம், ஏனெனில் டயர் ரப்பரில் சுமார் ஒரு விழுக்காடு துத்தநாகம் உண்டு. புகையைச் சுத்திகரிக்கப் பொருத்தப்பட்ட வினையூக்கிக் கருவியிலிருந்தே நுண்ணளவில் பிளாட்டினமும் பல்லேடியமும். இந்நாட்டில் பதிவு செய்யப்பட்ட வாகனங்களின் எண்ணிக்கை மக்கள்தொகையையே மிஞ்சி 3 கோடியே 60 இலட்சத்தைத் தாண்டிவிட்டது. ஒவ்வொன்றும் சுங்கச்சாவடியிலும் சமிக்ஞை விளக்கிலும் பிரேக் போடுகிறது. பினாங்குப் பாலத்தின் பிறை முனையில் மாலை நேரத்தில் நின்று பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மின்சார வாகனம் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையும் முழு உண்மையன்று. அதன் மோட்டாரே வேகத்தைக் குறைப்பதால் பிரேக் தேய்வது குறையும்; ஆனால் மின்கலத்தின் எடையால் டயர் கூடுதலாகத் தேயும். இதை உணர்ந்துதான் ஐரோப்பாவின் யூரோ 7 விதிமுறை, வரலாற்றில் முதன்முறையாகப் பிரேக் தூசிக்கே வரம்பு வகுத்திருக்கிறது: சாதாரணக் கார்களுக்குக் கிலோமீட்டருக்கு 7 மில்லிகிராம், முழு மின்சாரக் கார்களுக்கு 3 மில்லிகிராம். கலிபோர்னியா 2010இலேயே சட்டம் இயற்றி, பிரேக் கட்டையில் செம்பின் அளவை 2025க்குள் 0.5 விழுக்காடாகக் குறைக்க உத்தரவிட்டது. அவர்களால் இப்படிக் குறிபார்த்துச் சட்டம் இயற்ற முடிந்ததற்குக் காரணம், எந்த உலோகம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு அவர்களிடம் பல்லாண்டு அளவீடுகள் இருந்தன.

துறைமுக நகரத்தில் வாழும் எங்களுக்கு இன்னொரு எடுத்துக்காட்டும் நெருக்கமானது. கப்பல்கள் எரிக்கும் கனரக எண்ணெயில் வனேடியமும் நிக்கலும் இயற்கையாகவே மிகுதி; காற்றில் இவ்விரண்டும் சேர்ந்து உயர்ந்தால் கப்பல் புகையைச் சந்தேகிக்கலாம். அனைத்துலகக் கடல்துறை அமைப்பு, கப்பல் எரிபொருளில் கந்தகத்தின் உச்சவரம்பை 2020 ஜனவரி முதல் தேதியில் 3.5 விழுக்காட்டிலிருந்து 0.5 விழுக்காடாகக் குறைத்தது. கந்தகத்தைக் குறைக்க இலக்கு வைத்த அந்த விதியின் பலனாக, ஷங்காய் போன்ற துறைமுக நகரங்களின் காற்றில் வனேடியமும் சட்டென இறங்கியதை அங்குள்ளவர்கள் அளந்து காட்டினார்கள். அதே கப்பல்கள் மலாக்கா நீரிணை வழியாகத்தான் போகின்றன. அந்த நல்ல செய்தியைப் பட்டர்வொர்த் மக்களும் தங்கள் ஊரின் எண்ணில் வாசித்து மகிழ்ந்திருக்க வேண்டும்.

எல்லாம் நல்ல திசையில் போகவில்லை. 2018இல் சீனா கழிவு இறக்குமதியைத் தடைசெய்தபின், உலகின் பிளாஸ்டிக் குப்பையும் மின்னணுக் குப்பையும் நம் நாட்டை நோக்கித் திரும்பின. 2020 ஜூலையில் ஜொகூர் தஞ்சோங் பெலெப்பாஸ் துறைமுகத்தில் 110 கொள்கலன்களில் 1,864 டன் எஃகு உலைத் தூசி கைவிடப்பட்டுக் கிடந்ததாக அரசாங்கமே அறிவித்தது. பழைய இரும்பை மின் உலையில் உருக்கும்போது பறக்கும் அந்தத் தூசியில் துத்தநாகம், காட்மியம், காரீயம் உண்டு. கொள்கலனில் பிடிபட்டதற்குக் கணக்கு இருக்கிறது. செம்பனைக் காட்டுக்குப் பின்னால் இரவில் எரிக்கப்படும் மின்கம்பிக் குவியலுக்கு எந்தக் கணக்கும் இல்லை. அப்படி எரித்த இடமொன்றை நான் அருகில் சென்று பார்த்திருக்கிறேன். செம்புக் கம்பியைப் பொறுக்கிச் சென்றபின் எஞ்சியது, கருகிய உறைகளின் பசையும் சாம்பலும், தொண்டையில் ஒட்டிக்கொள்ளும் ஒரு காரமான நெடியும்தான். கம்பி உறையின் பிளாஸ்டிக்கைப் பதப்படுத்தக் காரீயச் சேர்மங்களைப் பயன்படுத்துவது நெடுங்கால வழக்கம். எரிக்கும்போது அது புகையோடு போகிறது. பழைய கார் மின்கலத்தைக் கொல்லைப்புறத்தில் உடைத்துக் காரீயத்தை உருக்குவது இதைவிடக் கொடியது. பத்துப் பதினைந்து வெள்ளிக்காக இந்த வேலையைச் செய்பவர்களில் நம்மவர்களும் இருக்கிறார்கள். முதலில் நோய்வாய்ப்படுவதும் அவர்கள் வீட்டுக் குழந்தைகளே.

தீபாவளிப் பட்டாசைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. வாணத்தின் பச்சை நிறத்துக்குப் பேரியமும், சிவப்புக்கு ஸ்ட்ரோன்சியமும், நீலத்துக்குச் செம்பும் சேர்க்கப்படுகின்றன. நமது பண்டிகையாயினும் சீனப் புத்தாண்டாயினும் அந்த இரவுகளில் காற்றில் இவ்வுலோகங்கள் பன்மடங்கு ஏறும். ஆயினும் அது ஓரிரு இரவுகளின் உச்சம். ஓராண்டின் சராசரியை முடிவு செய்வது மற்ற 360 நாள்களும் சத்தமில்லாமல் உதிர்வதே.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன். என் மனத்தை மிகவும் உறுத்துவது இதுதான். நம் நாட்டில் 1989இல் பரிந்துரைக்கப்பட்ட காற்றுத் தர வழிகாட்டியில் காரீயம் இருந்தது. மூன்று மாதச் சராசரியாகக் கன மீட்டருக்கு 1.5 மைக்ரோகிராம் என்று அளவு வகுத்திருந்தார்கள். அதற்கு மாற்றாக 2013இல் வந்த புதிய தரத்தில் ஆறு பொருள்கள் மட்டுமே உள்ளன. அவற்றில் காரீயம் இல்லை. பெட்ரோலில் காரீயம் ஒழிந்தபின் அதற்கு அவசியமில்லை என்ற எண்ணம் இயல்பாகத் தோன்றக்கூடியதே. ஆனால் அதே காலத்தில் மற்ற நாடுகள் எதிர்த்திசையில் நடந்தன. அமெரிக்கா 2008இல் தன் காரீய வரம்பை 1.5 மைக்ரோகிராமிலிருந்து 0.15 ஆக, பத்தில் ஒரு பங்காகக் குறைத்தது. காற்றில் காரீயம் பெருமளவு குறைந்தபிறகுதான் அது வரம்பை இப்படி இறுக்கியது. ஐரோப்பா ஆர்செனிக்குக்கு 6, காட்மியத்துக்கு 5, நிக்கலுக்கு 20 நானோகிராம் என ஆண்டு அளவுகளை வகுத்தது. நம் முன்னோர் கப்பலேறி வந்த இந்தியாவே 2009இல் அறிவித்த காற்றுத் தரத்தில் பன்னிரண்டு பொருள்களைச் சேர்த்து, அவற்றில் காரீயம், ஆர்செனிக், நிக்கல் மூன்றுக்கும் இடம் கொடுத்தது. ஆர்செனிக், காட்மியம், நிக்கல் சேர்மங்கள் ஆகியவற்றை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை முதல் பிரிவில் வைத்திருக்கும்போது, அவற்றுக்கு நம் காற்றுத் தரத்தில் ஒரு வரியும் இல்லாதது சரியா?

தொழிற்சாலைப் புகைபோக்கிகளுக்கு 2014ஆம் ஆண்டின் தூய காற்று விதிமுறைகள் உலோக வரம்புகளை வகுத்துள்ளன என்பதை நான் அறிவேன். அது அவசியமான சட்டம். ஆனால் புகைபோக்கியின் வாயில் அளப்பது வேறு. நூறு புகைபோக்கிகளும், பத்தாயிரம் பிரேக்குகளும், பெயரில்லாத ஓர் எரிப்புக் குழியும் சேர்ந்து ஒரு பள்ளிக்கூடத்து வாசலில் விட்டுச்செல்வதை அளப்பது வேறு.

இதற்குப் புதிதாக ஒரு தொழில்நுட்பத்தைத் தேட வேண்டியதில்லை. பெருமளவு காற்றை உறிஞ்சித் தூசியை வடிதாளில் பிடிக்கும் கருவிகளைக் கொண்டு, ஆறு நாளுக்கு ஒருமுறை மாதிரி எடுத்துக் காரீயம் போன்ற உலோகங்களை அளக்கும் முறையைச் சுற்றுச்சூழல் இலாகா பல்லாண்டுகளாகவே அறிந்தும் நடத்தியும் வந்திருக்கிறது. ஒரு நாள் முழுவதும் இயங்கிய கருவியிலிருந்து எடுக்கும் வடிதாள், போட்டபோது பால்வெள்ளையாக இருந்தது, சாம்பல் நிறமாகத் திரும்பி வரும். அதன் ஒரு துண்டை அமிலத்தில் கரைத்து அளவிட்டால் இருபது உலோகங்களுக்கு மேல் ஒரே முறையில் எண்ணாக வந்துவிடும். அதற்கான கருவிகள் நம் பல்கலைக்கழக ஆய்வகங்களில் இருக்கின்றன. மிண்டனில் உள்ள அறிவியல் பல்கலைக்கழகம் எங்கள் வாசலிலேயே இருக்கிறது. மீதித் துண்டை உறையிலிட்டுப் பத்திரப்படுத்தினால், இன்று யாரும் கேட்காத கேள்வியை இருபது ஆண்டு கழித்து ஒருவர் அதே தாளிடம் கேட்கலாம்.

செலவு என்பார்கள். நாடு முழுதும் 60க்கும் மேற்பட்ட தானியங்கி நிலையங்களை நடத்துகிற இலாகாவுக்கு, அவற்றில் நகர்ப்புற, தொழிற்பேட்டை நிலையங்கள் சிலவற்றிலாவது ஆறு நாளுக்கொரு வடிதாள் என்பது தாங்க முடியாத சுமையன்று. மக்கள் பீதியடைவார்கள் என்பார்கள். புகைமூட்டக் காலத்தில் குறியீட்டு எண்ணை மறைத்தபோதுதான் வதந்தி பரவியது; வெளியிடத் தொடங்கியபின் மக்கள் முகக்கவசம் அணிந்து தங்கள் வேலையைப் பார்த்தார்கள். எண்ணைக் கண்டு அஞ்சாத முதிர்ச்சி நம் மக்களுக்கு உண்டு.

ஆகவே சுற்றுச்சூழல் இலாகாவும் இயற்கை வள அமைச்சும் காரீயம், காட்மியம், ஆர்செனிக், நிக்கல் ஆகிய நான்கையும் நாட்டின் காற்றுத் தரத்தில் வரம்போடு சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். செம்பு, ஆண்டிமனி, துத்தநாகம், வனேடியம் ஆகியவற்றுக்கு இப்போதைக்கு வரம்பு வேண்டாம். அளந்து பதிந்தால் போதும், மூலத்தைக் கண்டுபிடிக்க அவை உதவும். 1990கள் முதல் இதுவரை எடுத்த உலோக அளவீடுகள் அனைத்தையும் நிலையவாரியாக, ஆண்டுவாரியாக, குறியீடு வெளியாகும் அதே இணையத்தளத்தில் ஒரே அட்டவணையாக வெளியிட வேண்டும். ஒரு நாளின் எண்ணைவிட முப்பது ஆண்டுகளின் கோடு முக்கியம். ஏறுகிறதா, இறங்குகிறதா, எந்த ஆண்டில் திரும்பியது என்பதைக் கோடுதான் சொல்லும். பினாங்கில் பிறை, செபராங் ஜெயா, கோலாலம்பூரில் செராஸ், பத்து மூடா போன்ற நிலையங்களில் இதைத் தொடங்கலாம். பழைய தொழிற்பேட்டைகளின் அருகே வளரும் பிள்ளைகளுக்குச் சுகாதார அமைச்சு ஐந்தாண்டுக்கு ஒருமுறை இரத்தக் காரீயப் பரிசோதனை நடத்தினால், காற்றின் கணக்கும் உடலின் கணக்கும் ஒத்துப்போகின்றனவா என்பது தெரிந்துவிடும்.

தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். குறியீட்டு எண்ணை வெளியிடும் அதே அக்கறையோடு, இந்த உலோக அளவீடுகளைக் குறித்த கேள்வியை இலாகாவிடம் தாங்களே எழுப்பி, கிடைக்கும் பதிலை முழுமையாக வெளியிட வேண்டும். பினாங்கின் நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்களில் இக்கடிதத்தை வாசிப்பவர்கள் அடுத்த கூட்டத்தொடரில் எழுத்துப்பூர்வமாக இக்கேள்வியைக் கேட்க முன்வந்தால், தேவையான விவரங்களைத் தொகுத்துத் தருவதற்கு என்னைப் போன்ற ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் ஆயத்தமாக இருக்கிறோம். சாலையோரத் தமிழ்ப்பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் இலாகாவுக்கு எழுதி, மாதிரி எடுக்கும் கருவியைப் பள்ளிக் கட்டடத்தின் மேல்தளத்தில் பொருத்த இடமும் மின்சாரமும் தருவதாகத் தெரிவிக்கலாம்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை,
பட்டர்வொர்த், பினாங்கு